வலது கால்

தம்பியா என்று கேட்டீர்கள். இல்லை சார். ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. உள்ளே கட்டு மாற்றிக்கொண்டிருக்கிறானே, அவன் பெயர் இன்னாசி. நான் பெலவேந்திரன். ஒரே ஊர், ஒரே வயது. இரண்டு பேருக்கும் ஐம்பத்தாறு நடக்கிறது. எங்களுக்குள் இருப்பது அவ்வளவுதான். நீங்கள் உங்கள் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறீர்கள். பெற்ற தாய், கூட்டிக்கொண்டு வரத்தான் வேண்டும். எனக்கு அப்படி நியாயமான காரணம் ஒன்றும் கிடையாது. ஒரு வருஷமாக, வாரத்துக்கு இரண்டு தடவை, என் மாவு மில்லைப் பூட்டிப் போட்டுவிட்டு இந்த ஆளை வண்டியில் பின்னால் உட்கார வைத்து இந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவருகிறேன். எதற்கு என்று என்னையே கேட்டுப் பார்த்திருக்கிறேன். பதில் கிடைக்கவில்லை.

ஒன்று மட்டும் தெரியும். இந்த உலகத்தில் நான் யாரைப் பார்த்து அதிகமாக வயிறு எரிந்திருக்கிறேன் என்றால், இவனைப் பார்த்துத்தான்.

சிரிக்காதீர்கள். அம்மாவைக் கூப்பிடுவதற்கு முன்னால் இன்னும் ஆறு பேர் இருக்கிறார்கள். சொல்கிறேன்.

நீங்கள் மாதா கோயிலுக்குப் போகிறவரா? இல்லையா. அப்படியானால் ஆரம்பத்திலிருந்து சொல்ல வேண்டும். இயேசு சாமி சாவதற்கு முந்தின நாள் சாயங்காலம், தன்னுடைய பன்னிரண்டு சீடர்களின் காலைக் கழுவிவிட்டார். குரு, சீடன் காலைக் கழுவுகிறார். வேலைக்காரன் செய்கிற வேலை. அதை நினைத்துத்தான் ஒவ்வொரு வருஷமும் பெரிய வியாழக்கிழமை, பூசைக்கு நடுவில், எங்கள் சாமியார் மேலுடுப்பைக் கழற்றிவிட்டு இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு பன்னிரண்டு பேர் காலைக் கழுவுவார். பீடத்துக்கு முன்னால் பன்னிரண்டு நாற்காலி போட்டிருக்கும். முதல் நாற்காலிக்கு இராயப்பர் நாற்காலி என்று பெயர். இராயப்பர்தான் சீடர்களில் தலைவர். எங்கள் அப்பா சாகிறவரைக்கும் அதில் உட்கார்ந்தார். அவருக்குப் பிறகு பத்தொன்பது வருஷம் நான்.

பன்னிரண்டாவது நாற்காலிக்கும் ஒரு பெயர் இருக்கிறது. கோயிலுக்குள் யாரும் சொல்ல மாட்டார்கள். வெளியே வந்ததும் டீக்கடையில் எல்லாரும் சொல்வார்கள். யூதாஸ் நாற்காலி. அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்கு நடுவில் எழுந்து போய் இயேசுவைக் காட்டிக்கொடுத்தவன். அதில் உட்கார எங்கள் ஊரில் யாரும் சம்மதிக்க மாட்டார்கள். புதிதாகக் குடிவந்தவர் யாரையாவது பார்த்து உட்கார வைத்துவிடுவோம். பாவம், அவருக்கு விஷயம் தெரியாது. சந்தோஷமாக உட்கார்ந்திருப்பார்.

இன்னொன்று. எங்கள் ஊரில் வலது காலை மட்டும்தான் கழுவுவார்கள். அதனால் அதற்கு முந்தின ஞாயிறு, குருத்து ஞாயிறு, முடிந்த மறுநாளிலிருந்து நாங்கள் பன்னிரண்டு பேரும் வலது காலைத் தேய்க்க ஆரம்பித்துவிடுவோம். தேய்க்கிற கல், தேங்காய் நார், எலுமிச்சை மூடி. நகம் வெட்டி, வெடிப்பில் எண்ணெய் போட்டு, வியாழக்கிழமை கிளம்பும்போது பவுடர்கூடப் போடுகிற ஆளும் உண்டு. இடது காலை யாரும் சீண்டுவதில்லை. என் இடது கால் பாட்டுக்கு மாவும் வெடிப்புமாகக் கிடக்கும். வலது கால் பால் மாதிரி இருக்கும். "கல்யாணத்துக்குக்கூட இப்படித் தேச்சது இல்ல நீங்க" என்று என் வீட்டுக்காரி செசிலி சொல்லிக் காட்டுவாள். சாமியார் கழுவ உட்கார்ந்தால் அங்கே கழுவுவதற்கு ஒன்றும் இருக்கக் கூடாது. அதுதான் நாங்கள் அவருக்குக் கொடுக்கிற மரியாதை.

இப்போது இன்னாசிக்கு வருகிறேன்.

அவனும் நானும் ஒரே நாளில் புதுநன்மை வாங்கியவர்கள். பூசையில் கொடுக்கிற அப்பத்துக்கு நன்மை என்று பெயர், அதை முதல் தடவை வாங்குவது புதுநன்மை. எட்டு வயதில், வெள்ளைச் சட்டை போட்டு, கையில் மெழுகுவர்த்தியோடு. அப்போதே அவனுக்குக் குரல் இருந்தது. கோயில் பாடகர் குழுவில் அவன் முன்னால் நிற்பான், நான் பின்னால் நின்று வாயசைப்பேன். எனக்குச் சுருதி நிற்காது. அவன் பாடினால் அந்தக் காலத்துப் பெரிய சாமியார் கண்ணை மூடிக்கொள்வார். நான் ஜெபம் சொன்னால் அவர் கண்ணைத் திறந்துதான் வைத்திருப்பார். இதையெல்லாமா ஞாபகம் வைத்திருப்பாய் என்று கேட்பீர்கள். வைத்திருக்கிறேனே, என்ன செய்ய.

கிணறு வெட்டுகிற வேலைக்குப் போனான். குடித்தான். குடித்துக்கொண்டே இருந்தான். பெண்டாட்டி மகளைக் கூட்டிக்கொண்டு தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். இருபத்திரண்டு வருஷம் கோயில் வாசலை மிதிக்கவில்லை. அந்த இருபத்திரண்டு வருஷமும் நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசையை விட்டதில்லை. திருவிழாவா, வெள்ளையடிப்பா, மாதா கெபிக்கு வேலியா, பெலவேந்திரனைக் கூப்பிடு. ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள், தவக்காலத்தில், வெள்ளிக்கிழமைதோறும் இயேசு சிலுவை சுமந்ததை நினைத்துச் சிலுவைப்பாதை நடக்கும், அதில் ஜெபம் வாசிக்கிறது நான்.

போன வருஷம் தவக்காலம் தொடங்கின அன்று, சாம்பல் புதன், நெற்றியில் சாம்பல் வாங்குகிற வரிசையில் கடைசி ஆளாக இன்னாசி வந்து நிற்கிறான். முகம் வீங்கி, கால் ஒன்றைத் தரையில் இழுத்துக்கொண்டு. சாம்பலைப் பூசினதும் தேம்பித் தேம்பி அழுதான். எங்களுக்குப் புதிதாக வந்திருந்த சாமியாருக்கு ரெக்ஸ் என்று பெயர், சின்ன வயசு. அவர் சாம்பல் தட்டைப் பக்கத்தில் உதவிக்கு நின்ற உபதேசியாரிடம் கொடுத்துவிட்டு அவனை அப்படியே கட்டிக்கொண்டார். வெள்ளை அங்கி முழுக்கச் சாம்பல்.

என்னை எந்தச் சாமியாரும் கட்டிக்கொண்டதில்லை சார். கட்டிக்கொள்ளும்படி நான் எதுவும் செய்துவிட்டு வரவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதையில் அவனைப் பாடச் சொன்னார் ரெக்ஸ் சாமி. குரல் உடைந்து போயிருந்தது. மேலே போக வேண்டிய இடத்தில் போகவே இல்லை, மூச்சுதான் வந்தது. அதற்கே பெண்கள் முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைக்கிறார்கள். என் செசிலியும்தான். நான் இருபது வருஷமாக அதே சிலுவைப்பாதையில் ஜெபம் வாசிக்கிறேன். ஒரு ஆள் அழுததில்லை. கொட்டாவி விட்டிருக்கிறார்கள்.

கடவுள் தாராளமானவர் என்று எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். தலையை ஆட்டியிருக்கிறேன். அந்தத் தாராளம் பக்கத்து ஆளுக்குப் போகும்போதுதான் எனக்கு அது பிடிக்கவில்லை என்று தெரிந்தது.

பிறகு பட்டியல் ஒட்டினார்கள். பெரிய வியாழக்கிழமைக்குக் கால் கழுவ பன்னிரண்டு பேர். முதல் பெயர் இன்னாசி. விரலை வைத்துக்கொண்டே கீழே வருகிறேன், வருகிறேன், என் பெயரைக் காணோம். பன்னிரண்டாவதாக இருக்கிறது.

நேரே சாமியார் அறைவீட்டுக்குப் போனேன்.

"சாமி, பட்டியல்ல ஒரு தப்பு நடந்திருக்கு."

"என்ன தப்பு, அண்ணாச்சி?"

"வரிசை மாறிக் கெடக்கு."

"நாற்காலிக்கு ஏது அண்ணாச்சி வரிசை? பன்னிரண்டும் பந்தல்காரர் கொண்டுவர்ற பிளாஸ்டிக் நாற்காலிதானே."

"எல்லாம் ஒண்ணுதான்னா என்னை முதல்ல போடுங்களேன்."

சிரித்தார். சின்னப் பையன் சிரிக்கிற மாதிரி. "இன்னாசி அண்ணனுக்குக் கால்ல புண்ணு. முதல் நாற்காலிதான் பக்கவாசல்கிட்ட இருக்கு, நடக்க வேண்டாம்னு போட்டேன். கடைசி நாற்காலின்னா எல்லாரும் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிடுவாங்கன்னு உபதேசியார் சொன்னாரு. நீங்கன்னா ஒண்ணும் நினைக்க மாட்டீங்கன்னு உங்களப் போட்டேன். உங்கள நம்பித்தான்."

ஒன்றும் நினைக்க மாட்டேனாம். மனிதர்களை இவ்வளவு மோசமாகப் புரிந்துகொள்கிற ஒருவரைச் சாமியாராக அனுப்பியிருக்கிறார்கள். "சரி சாமி" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வேறு என்ன சொல்வது? நினைக்கிறேன் என்றா சொல்வது?

வியாழக்கிழமை வந்தது. வழக்கத்தைவிட அதிகமாகவே தேய்த்திருந்தேன். போய் பன்னிரண்டாவதில் உட்கார்ந்தேன். பின்னால் ஆண்கள் பக்கத்தில் சிரிப்பை அடக்குகிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் யாருடைய தொண்டையிலிருந்து வருகிறது என்றுகூட எனக்குத் தெரியும்.

முதல் நாற்காலியில் இன்னாசி காலை நீட்டினான். சாமியார் முட்டி போட்டு, அவன் காலில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்தார். பழைய வேட்டித் துணி, புண்ணோடு ஒட்டிக்கொண்டிருந்தது. தண்ணீரை ஊற்றி ஊற நனைத்து, கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தார். கடைசி நாற்காலி வரைக்கும் வாடை வந்தது. சாம்பிராணியையும் மீறிக்கொண்டு வந்தது. உள்ளங்காலில், கட்டைவிரலுக்குக் கீழே, நெல்லிக்காய் அளவுக்குப் பள்ளம். சாமியார் அவசரப்படவில்லை. ஊற்றினார், துடைத்தார், மறுபடியும் ஊற்றினார். கடைசியில் குனிந்து முத்தம் கொடுத்தார். எல்லாருக்கும் கொடுக்கிறதுதான். ஆனால் இதைப் பார்த்துக் கோயில் முழுக்க அழுதது.

இன்னாசியும் அழுதான். நான் அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன். உங்களிடம் மறைக்காமல் சொல்கிறேன். அந்தப் புண்ணைப் பார்த்தே எனக்குப் பொறாமையாக இருந்தது. புண்ணைப் பார்த்துப் பொறாமைப்படுகிறவனை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? என் கால் சுத்தமாக இருந்தது. அதில் யாரும் அழுவதற்கு ஒன்றுமில்லை.

மற்றவர்களுக்கு ஆளுக்கு இரண்டு கை தண்ணீர். பத்து, பதினொன்று. என்னிடம் வந்தார். முட்டி போட்டார். என் குதிகாலை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மறுகையால் பித்தளைக் கூஜாவைச் சரித்தார். ஒன்றும் விழவில்லை. இன்னும் சரித்தார். ஒரு சொட்டு வந்தது. தண்ணீர் தீர்ந்துவிட்டது, எல்லாம் அந்த முதல் நாற்காலிக்கே போய்விட்டது.

உபதேசியார் கூஜாவை வாங்கிக்கொண்டு ஓடினார். சாமியார் என் காலைப் பிடித்தபடி முட்டியிலேயே இருந்தார். அவர் தலை என் முட்டுக்குக் கிட்டே இருந்தது. வேர்த்துப் போயிருந்தார். இடுப்பில் அந்தத் துண்டு, இன்னாசியின் புண்ணைத் துடைத்த துண்டு. எல்லாரும் என்னைப் பார்க்கிறார்கள். எனக்குள் என்ன வந்ததோ, சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

"வேண்டாம் சாமி. என் கால் சுத்தமாத்தான் இருக்கு."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "தண்ணி வந்துரும் அண்ணாச்சி. இருங்க" என்றார், மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

காலை இழுத்துக்கொண்டேன். வேட்டிக்குள் மறைத்துக்கொண்டேன். அதோடு விட்டிருக்கலாம். எழுந்து, நடு வழியாக நடந்து, பெரிய வாசலைத் திறந்து வெளியே போனேன். அன்றைக்கு அந்த நாற்காலியில் உட்கார்ந்தவன் செய்கிற வேலையைத்தான் செய்தேன் என்று ஊரே சொல்லும் என்பது வாசற்படி இறங்கும்போதுதான் உறைத்தது. சொன்னார்கள். "யூதாஸ் எந்திரிச்சுப் போயிட்டாம்ல" என்று டீக்கடையில் ஒரு வாரம் இதே பேச்சு.

துண்டைப் பார்த்து அருவருத்துத்தான் வந்தேன் என்று செசிலியிடம் சொன்னேன். அவள் நம்பிவிட்டாள். நான் நம்பவில்லை. துண்டு இல்லை சார். தண்ணீர் இருந்திருந்தாலும் நான் அதைத்தான் சொல்லியிருப்பேன். அவர் என்னைக் கெஞ்ச வேண்டும் என்று இருந்தது. "இருங்க" என்று ஒரு தடவை சொன்னார். இன்னாசிக்கு எத்தனை கை தண்ணீரோ அத்தனை தடவை எனக்குச் சொல்ல வேண்டும் என்று இருந்தது.

அந்த ஈஸ்டருக்கு நான் நன்மை வாங்கவில்லை. அதற்குப் பிறகும் வாங்கவில்லை. கோயிலுக்குப் போவேன், கடைசி பெஞ்சில் நிற்பேன், எல்லாரும் நன்மைக்கு வரிசையாகப் போகும்போது தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். ஒரு வருஷம் ஆகிறது.

ஈஸ்டர் முடிந்த திங்கட்கிழமை இன்னாசி மில்லுக்கு வந்தான். காலை இழுத்துக்கொண்டு, கம்பை ஊன்றிக்கொண்டு.

"மாப்ள, உனக்கு வரவேண்டிய தண்ணிய நான் குடிச்சிட்டேன் போலிருக்கே."

நான் மிஷினை நிறுத்தவில்லை.

"ஏலே பெலவேந்திரா, உன்கிட்டதான் பேசுதேன். கோவமா?"

"கோவம் என்ன கோவம். மிளகாய் அரைச்சிட்டிருக்கேன், தள்ளி நில்லு."

"நான் கேக்கலல அந்த நாற்காலிய. சாமி போட்டாரு, உக்காந்தேன். வேணும்னா இப்ப இங்கயே உன் காலக் கழுவிவிடுதேன், வா" என்று சொல்லிவிட்டு, அங்கே நின்ற பெண்களைப் பார்த்துக் கண்ணடிக்கிறான். அவர்கள் சிரிக்கிறார்கள். எப்போதும் இதுதான். அவன் ஒன்று சொல்வான், எல்லாரும் சிரிப்பார்கள். நான் வெளியே போடா என்றேன். போனான்.

மில் தரையில் எப்போதும் மாவு படிந்திருக்கும். அவன் போனபிறகு பார்த்தேன். இடது கால் தடம் அச்சுக் குத்தின மாதிரி இருக்கிறது. வலது கால் தடமெல்லாம் ஈரம். மாவு குழைந்து, மஞ்சளும் சிவப்புமாக, வாசல் வரைக்கும். வாளியில் தண்ணீர் எடுத்து வந்து முட்டி போட்டு ஒவ்வொன்றாகத் துடைத்தேன். அவனுக்காக இல்லை. ஜனங்கள் அரிசி கொண்டுவருகிற இடம் சார், அப்படியே விட முடியுமா.

துடைத்துக்கொண்டிருக்கும்போது ரோசம்மாள், எங்கள் தெருக்காரி, பக்கத்தில் நின்றவளிடம் சொல்கிறாள், என் காது கேட்கத்தான்: "வியாழக்கிழம அண்ணாச்சி பாத்த பார்வைக்கு அந்தக் கால் தாங்குமாட்டி? இனிமே எங்க ஆறப் போவுது."

அதுதான் என்னை ஆட்டிவிட்டது. நாளைக்கே அவன் கால் போய்விட்டால் என் கண் பட்டுத்தான் போயிற்று என்பார்கள். சொல்கிறவர்கள் சொல்லட்டும் என்று விட்டுவிடலாம். ஆனால் ராத்திரி படுத்தால் எனக்கே சந்தேகமாக இருந்தது. நான் அந்தப் புண்ணை என்னவெல்லாம் நினைத்துப் பார்த்தேன் என்று எனக்குத் தெரியுமே.

மறுநாள் அவனை வண்டியில் ஏற்றி இங்கே கொண்டுவந்தேன். இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள். கால் தப்பித்தது. சர்க்கரை உடம்பு, ஆற நாளாகும் என்றார் டாக்டர். தினமும் கொதிக்க வைத்து ஆற வைத்த தண்ணீரில் கழுவி, ஈரம் ஒற்றி, மருந்து வைத்துக் கட்ட வேண்டும், ஒரு நாள் தவறினாலும் கணுக்கால் வரைக்கும் எடுக்க வேண்டி வரும் என்றார். "வீட்ல யாரு இருக்காங்க?" என்று கேட்டார். இன்னாசி மேலே ஓடுகிற மின்விசிறியைப் பார்த்தான். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் யாரைப் பார்ப்பது?

அன்றையிலிருந்து விடிந்ததும் அவன் வீட்டுக்குப் போகிறேன். மில் திறப்பதற்கு முன்னால். அடுப்பில் தண்ணீர் வைத்து, ஆற வைத்து, அவனை முக்காலியில் உட்கார வைத்து, நான் தரையில் உட்கார்ந்து. முதல் வாரம் மூச்சை அடக்கிக்கொண்டு செய்தேன். ஒரு நாள் வெளியே ஓடிப் போய் வாந்தி எடுத்தேன். அவனுக்குக் கூச்சம். கூச்சத்தை மறைக்கப் பாட ஆரம்பித்துவிடுவான், எனக்கு எரிச்சலாக வரும். "வாயை மூடுல, கால ஆட்டாத" என்பேன். "என்னல, சாமியாருக்குப் படிக்கியா?" என்பான். ஒரு நாள் பாடவில்லை. எனக்குப் பயமாகிவிட்டது. காய்ச்சல். அன்றைக்கு இங்கே வந்து நான்கு நாள் படுத்திருந்தோம். படுத்திருந்தான். நான் உட்கார்ந்திருந்தேன்.

சொல்லுங்கள், ரெக்ஸ் சாமி ஒரே ஒரு தடவை கழுவினார். ஒரே தடவை. ஊர் முழுக்க இன்னும் அதைச் சொல்லி அழுகிறது. நான் இந்த ஒரு வருஷத்தில் முந்நூறு தடவைக்கு மேல் கழுவிவிட்டேன். ஒரு ஆள் கண்ணைத் துடைக்கவில்லை. யாருக்கும் தெரியாது என்றும் சொல்ல முடியாது. அந்தத் தெருவில் எல்லாரும் பார்க்கிறார்கள். "பாவம், எதையோ நெனச்சுப் பயந்து செய்யுதாரு" என்கிறார்கள். அது உண்மைதான் என்பதால் சும்மா இருக்கிறேன்.

ஒரு நாள் கேட்டேவிட்டேன். "அன்னைக்குச் சாமி கழுவுனப்ப எப்படில இருந்துச்சு?"

"ஒண்ணும் தெரியலல."

"ஒண்ணும் தெரியலன்னா?"

"இந்தக் கால்ல உணர்ச்சி கெடையாதுல்லா. ரெண்டு வருசமா கெடையாது. அவர் ஊத்துன தண்ணி சூடா, குளிரான்னுகூட எனக்குத் தெரியாது. நீ ஊத்துறதும் தெரியாது. நீ வயிறெரிஞ்சதெல்லாம் வேஸ்ட்டுல மாப்ள."

தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்தேன். "அப்ப எதுக்குல அழுத?"

"சாமி தலை என் கால்கிட்ட இருந்துச்சுல்லா. அதப் பாத்தேன்." கம்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். "உனக்கும் கொஞ்ச நேரம் இருந்துச்சே. நீ பாக்கலயா?" என்றான்.

பார்த்தேன். வேர்வையைப் பார்த்தேன், துண்டைப் பார்த்தேன் என்று உங்களிடம் சொன்னேனே.

அன்றைக்கு மில்லுக்குப் போய் மிஷினைப் போட்டுவிட்டு, அரைக்க ஒன்றும் இல்லாமல் அது சும்மா ஓடுகிறதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இருபத்திரண்டு வருஷம் நான் கோயிலுக்கு என்ன கொண்டுபோனேன், என்ன வாங்கிக்கொண்டு வந்தேன்? கொண்டுபோனதெல்லாம் ஞாபகம் இருக்கிறது. வாங்கினதாக ஒன்றும் ஞாபகம் வரவில்லை. தரவில்லையா, நான் கையை நீட்டவில்லையா? அதைத்தான் ஒரு வருஷமாக யோசிக்கிறேன். இது பெரிய விஷயம், எனக்குப் பிடிபடாது.

நாளைக்குப் பெரிய வியாழன். ஆமாம், நாளைக்குத்தான். இந்த வருஷம் ரெக்ஸ் சாமி பட்டியல் போடவில்லை. ஒரு வெள்ளைத்தாளில் ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை எழுதி, பேனாவை நூலில் கட்டித் தொங்கவிட்டுவிட்டார். விருப்பப்பட்டவர்கள் அவரவரே எழுதிக்கொள்ளலாமாம். போன வருஷக் கூத்துக்குப் பிறகு அவருக்குக் கொஞ்சம் புத்தி வந்திருக்கிறது. எனக்குச் சொல்லியும் விட்டார்: "அண்ணாச்சி, எங்க வேணும்னாலும் எழுதுங்க. எழுதாம மட்டும் இருந்துராதீங்க."

மூன்று நாள் எழுதாமல் இருந்தேன். நான்காம் நாள் போய்ப் பார்த்தால் தாள் நிறைந்திருக்கிறது. முதல் இடம் காலி. எனக்காக விட்டிருக்கிறார்கள், எல்லாருக்கும் என்மேல் ஒரு பயம். பன்னிரண்டாவதில் பார்க்கிறேன், கோணல் கையெழுத்தில், இன்னாசி.

எனக்கு வந்தது பாருங்கள் ஆத்திரம். அந்தத் தாளைப் பிய்த்தெடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன்.

"யாரக் கேட்டுல பன்னெண்டுல எழுதுன?"

"யாரும் எழுதலன்னு எழுதுனேன். நமக்கென்ன, குடிச்சுச் சீரழிஞ்சவன். யூதாஸ்னா சொல்லிட்டுப் போறாங்க."

"அது என் நாற்காலி."

"உன் நாற்காலி முதல் நாற்காலில்லா. உங்கப்பா காலத்துலேருந்து. போ, போய் உக்காரு."

"ஏலே, பன்னெண்டு என்னது. நான்தான் அதுல உக்காந்தேன்."

"உக்காந்தியா? எந்திரிச்சு ஓடுனல."

"அதனாலதான் சொல்லுதேன். அங்க எனக்கு ஒண்ணு பாக்கி கெடக்கு."

அரை மணி நேரம் சண்டை. அக்கம்பக்கத்தில் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். ஐம்பத்தாறு வயசு ஆட்கள் இரண்டு பேர் கடைசி நாற்காலிக்கு அடித்துக்கொள்கிறார்கள் என்று அதுவும் டீக்கடைக்குப் போய்விட்டது. கடைசியில் அவன் தன் பெயரை அடித்துவிட்டுப் பதினொன்றாவது ஆளிடம் பேசி இடம் மாற்றிக்கொண்டான். "பக்கத்துலயே இருக்கேன். ஓடுனன்னா வேட்டியப் பிடிச்சு இழுத்துருவேன்" என்கிறான். முதல் நாற்காலியில் யார் என்று கேட்கிறீர்களா? அந்தப் பதினொன்றாவது ஆள்தான், புதிதாகக் குடிவந்த ஒரு எலெக்ட்ரீசியன். பாவம், அவருக்கு விஷயம் தெரியாது.

இதோ, அவன் வருகிறான். பின்னாலேயே சிஸ்டரும் வருகிறார். என்ன சிஸ்டர்? புண் மூடிவிட்டதா? முழுசாகவா? இனிமேல் மாதம் ஒரு தடவை வந்தால் போதுமா. தினமும் கழுவ வேண்டாமா? சரி. சரி சிஸ்டர். இல்லை, ஒன்றும் இல்லை, சந்தோஷம்தான்.

கேட்டீர்களா? "இவ்வளவு சுத்தமா யாருய்யா பாத்துக்கிட்டது?" என்று சிஸ்டர் கேட்கிறார், அதற்கு அவன், "எங்க ஊரு யூதாஸ்" என்கிறான். சுற்றி எல்லாரும் சிரிக்கிறார்கள். பார்த்தீர்களா, இங்கே வந்தும் இவனுக்குத்தான் சிரிக்கிறார்கள். நாளைக்கு விடியற்காலையில் எழுந்து நான் எங்கே போவேன் என்று இவன் யோசித்திருப்பானா?

சரி சார், கிளம்புகிறேன். உங்கள் அம்மாவுக்குச் சீக்கிரம் குணமாகட்டும்.

ஒரு நிமிஷம். இதைக் கொஞ்சம் பாருங்கள். என் வலது கால். செருப்பைக் கழற்றுகிறேன், தப்பாக நினைக்காதீர்கள். எப்படி இருக்கிறது? வெடிப்பு, மாவு, நகத்துக்குள் மிளகாய்ப்பொடி. விடிந்தால் இவன் கால், அப்புறம் மில், அப்புறம் இங்கே. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து தேய்க்க நேரமே கிடைக்கவில்லை. செசிலி கல்லையும் நாரையும் வாசலிலேயே எடுத்து வைத்திருக்கிறாள். இன்றைக்குச் சாயங்காலம் தேய்க்கலாம். நாளைக்குப் பகல் முழுக்க இருக்கிறது. தேய்க்கலாம்தான்.

தேய்க்கப் போவதில்லை. இதை அப்படியே நீட்ட வேண்டும், அவர் கையால் தொட வேண்டும். நினைத்தாலே உடம்பு கூசுகிறது.

உபதேசியாரைப் பார்த்துச் சொல்லிவிட்டேன், இந்தத் தடவை இரண்டு கூஜா நிரப்பி வைக்கச் சொல்லி. எதற்கு அண்ணாச்சி இரண்டு என்று கேட்டார். கடைசி நாற்காலியில் அழுக்குக் கால் ஒன்று வருகிறது, தண்ணீர் நிறைய வேண்டியிருக்கும் என்றேன்.